கால்கட்டு போட்டால் சரியாகுமா?

மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு போன்ற தீவிர மனநோய்கள் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகின்றன. நம் வீடுகளில் வரன் பார்க்கும் வயதும் அதுதான். நோயைப் பற்றிய தவறான நம்பிக்கைகளுக்குக் கணவனோ மனைவியோதான் விலை கொடுக்கிறார்கள்.

நம்பிக்கை: ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் தெளிந்துவிடும்.

உண்மை: திருமணத்தால் எந்த மனநோயும் குணமாவதில்லை. கல்யாண அலைச்சலில் தூக்கம் கெடுகிறது. சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று மாத்திரையை நிறுத்துகிறார்கள். இரண்டுமே நோயை மீண்டும் கிளப்பக்கூடியவை. சிகிச்சையில் இருப்பவர் திருமணம் செய்துகொள்ளலாம். ஆனால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். அப்போதுதான் மாத்திரை டப்பாவை ஒளித்துவைக்க வேண்டியிருக்காது.

நம்பிக்கை: வீண் சந்தேகம்தானே, ஆதாரம் காட்டினால் தீர்ந்துவிடும்.

உண்மை: துணைக்கு வேறு தொடர்பு இருக்கிறது, சாப்பாட்டில் எதையோ கலக்கிறார் என்பதெல்லாம் நோயின் அறிகுறியாக இருக்கலாம். செல்போனைத் திறந்து காட்டினாலும், பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாலும் அது அசையாது. வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். “உங்களுக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. எனக்கு அப்படித் தோணலை. டாக்டர்கிட்ட பேசலாம்” என்றால் போதும். மனநோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. ஆனால் அடி விழுந்தால், நோய்தானே என்று பொறுக்க வேண்டியதில்லை. பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும்.

நம்பிக்கை: எல்லாம் தூக்க மாத்திரை, பழகிவிடும். தேறியதும் நிறுத்திவிடலாம்.

உண்மை: மனச்சிதைவுக்கான மருந்துகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. தேறியிருப்பதே அவற்றால்தான் என்பதால், தானாக நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் அதிகம். ஆனால் பக்கவிளைவு பற்றிய புலம்பல் பொய்யல்ல. எடை கூடலாம், பகலில் தூக்கம் அசத்தலாம், தாம்பத்திய நாட்டம் குறையலாம். கடைசியைச் சொல்லக் கூச்சப்பட்டு, பலர் சத்தமில்லாமல் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். சொன்னால் டாக்டர் அளவையோ மருந்தையோ மாற்றலாம். மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. இருதுருவக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. அதே நோய்க்குத் தரப்படும் வால்புரோயேட் கருவைப் பாதிக்கும். அதை எடுக்கும் பெண் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: விரட்டிக்கொண்டே இருந்தால்தான் சுறுசுறுப்பு வரும்.

உண்மை: படுத்தே கிடப்பது சோம்பலாகத் தெரியும், அதுவும் நோயின் ஒரு முகம். லண்டனில் ஆய்வாளர் ஜார்ஜ் பிரவுனும் அவருக்குப் பின் வந்தவர்களும் செய்த ஆய்வுகளில், ஓயாத குறைகூறலும் வெறுப்பும் உள்ள வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது. நிழல்போல் கூடவே நின்று எல்லாவற்றையும் தானே செய்துகொடுக்கும் மிதமிஞ்சிய அக்கறையும் அதே பலனைத் தந்தது.

நம்பிக்கை: எது நடந்தாலும் சகிப்பதே மனைவிக்கு அழகு.

உண்மை: இதே ஊர்வாய், மனைவிக்கு நோய் வந்தால் “அம்மா வீட்டில் விட்டுவிடு” என்கிறது. சென்னையில் 1984இல் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பின் மருத்துவர்கள், மனச்சிதைவு உள்ள, மணவாழ்வு முறிந்த பெண்களை ஆராய்ந்தனர். பலர் சட்டப்படி விவாகரத்தாகாமலே பெற்றோரிடம் விடப்பட்டிருந்தனர். நோயின் பெயர் மட்டுமே விவாகரத்துக்குப் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லிவிட்டது. சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு நோய் தீவிரமாக இருப்பதை நிரூபிக்க வேண்டும்.

நம்பிக்கை: துணை நினைத்தால் குணமாக்கிவிடலாம்.

உண்மை: குணமாக்குவது துணையின் வேலை அல்ல. ஆனால் போன தடவை நோய் எப்படித் தொடங்கியது என்பது துணைக்குத்தான் நன்றாகத் தெரியும். முதலில் தூக்கம் குறைந்ததா, குளிக்காமல் விட்டாரா, கடன் வாங்கிச் செலவழித்தாரா என்று தேதியோடு எழுதிவைத்து டாக்டரிடம் காட்டினால், அடுத்த தடவை முன்கூட்டியே தடுக்க வாய்ப்புண்டு. மற்ற சுமையை மாமியாரும் நாத்தனாரும் மச்சானும் முறைவைத்துப் பங்கிடட்டும். இதற்காகத் தன் வேலையை விட்டுவிட வேண்டாம். மருந்துக்கும் அந்தச் சம்பளம்தான். பேச ஆள் இல்லையென்றால் அரசின் டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்பதில்லை, பார்த்துக்கொள்பவரும் அழைக்கலாம்.