கல்லைப் பிளக்கும் கலை எங்கே தொடங்கியது?

கேள்வி: மாமல்லபுரத்துப் பாறைகள் சிலவற்றில் தையல் போட்டதுபோல வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. அவை என்ன?

பதில்: ஆப்புக் குழிகள். அந்தக் கோட்டில் பாறையைப் பிளக்க நினைத்துக் குழி வெட்டியதோடு வேலை நின்றுபோன இடங்கள் அவை. எல்லாமே பல்லவர் காலத்தவை என்று சொல்ல முடியாது; பிற்காலத்திலும் இதே முறைதான் தொடர்ந்தது.

கருங்கல் எவ்வளவு பாரத்தையும் சுமக்கும். ஆனால் இரு பக்கமும் பிடித்து இழுக்கும் விசைக்கு முன்னால், சுமக்கும் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதனிடம் இல்லை. குழிக்குள் இறங்கும் ஆப்பு கல்லை இரு பக்கமும் நெட்டித் தள்ளி அந்த இழுவிசையைத்தான் உண்டாக்குகிறது. ஒரே ஆப்பில் ஓங்கி ஓங்கி அடித்தால் கல் தாறுமாறாக உடையும். அதனால் கல்தச்சர் முதல் ஆப்பில் தொடங்கிக் கடைசி ஆப்பு வரை ஆப்புக்கு ஓர் அடியாகப் போட்டுக்கொண்டே போவார். திரும்பி வந்து மறுபடியும் ஓர் அடி. ஆப்பு இறுக இறுகக் கணீர் ஒலி ஏறிக்கொண்டே போகும். அது சட்டென்று மந்தமானால் உள்ளே விரிசல் ஓடிவிட்டது என்று அவர் காதுக்குத் தெரியும். அதன் பிறகு அடிப்பதை நிறுத்திச் சற்றுப் பொறுத்தால், ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு மயிரிழைக் கோடு தானே ஓடிச் சேரும்.

கேள்வி: இரும்பு வருவதற்கு முன்பு கருங்கல்லை எதைக் கொண்டு வெட்டினார்கள்?

பதில்: கல்லைக் கொண்டே! எகிப்தின் அஸ்வானில் சுமார் 42 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக்கல் தூண் ஒன்று, பாறையிலிருந்து முழுதாகப் பிரிக்கப்படாமல் இன்றும் கிடக்கிறது. எடை 1,000 டன்னுக்கு மேல். ஏறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முன்பு, வேலை நடக்கும்போதே விரிசல் கண்டதால் கைவிட்டுவிட்டார்கள். அதன் அருகே டோலரைட் என்ற கடினமான கல்லால் ஆன உருண்டைகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றை இரு கையாலும் தூக்கி மீண்டும் மீண்டும் போட்டு, கருங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்த்தே சுற்றிலும் அகழி எடுத்திருக்கிறார்கள். அறுப்பதற்குச் செம்பு வாளும் மணலும் உதவின. அங்கே உண்மையில் கல்லை அரைத்தது மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள்தான்.

நெருப்பும் பழைய கருவிதான். பாறைத் தளத்தின் மேல் விறகை எரித்தால், சூடேறிய மேல்தட்டு விரிந்து அடிப்பாறையிலிருந்து கழன்றுகொள்ளும். பெங்களூர்ப் பக்கத்தில் இப்படிக் கருங்கல்லைப் பலகை பலகையாக எடுத்தது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறிவியல் இதழில் பதிவாகியிருக்கிறது. இன்று வழுக்காத தரைக்கல் செய்வதற்குக் கல்லின் முகத்தில் எரிவாயுச் சுடரைக் காட்டுகிறார்களே, அதுவும் இதே தத்துவம்தான். சூட்டில் குவார்ட்ஸ் மற்ற படிகங்களைவிட அதிகமாக விரிந்து மேல்தோலைப் பொரித்துத் தள்ளிவிடுகிறது.

கேள்வி: நம் பக்கத்தில் பாறையைக் குடைந்து கோயில் செய்யத் தொடங்கியது யார்?

பதில்: பல்லவ நாட்டில் முதல் அடி எடுத்து வைத்தவர், 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இக்கோயிலை அமைத்ததாக, விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் உள்ள குடைவரைக் கல்வெட்டு அவரைச் சொல்கிறது.

எப்படிக் குடைந்தார்கள் என்பதை மாமல்லபுரத்தில் முடிக்காமல் விட்ட வேலைகளில் நேரில் பார்க்கலாம். பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் காடி வெட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்திருக்கிறார்கள். பிறகு காடிகளுக்கு நடுவே துருத்தி நிற்கும் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார்கள். அந்த மட்டம் முடிந்ததும் மறுபடி காடி, மறுபடி சதுரம். ஒற்றைக்கல் ரதங்களை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வந்தார்கள்; சாரம் கட்டும் வேலை மிச்சம்.

கேள்வி: இப்போது குவாரிகளில் கயிறு போட்டுப் பாறையை அறுக்கிறார்களே, அது எப்போது வந்தது?

பதில்: பளிங்குக்குப் பேர்போன இத்தாலியின் கராராவில் வேரூன்றிய முறை அது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கு முறுக்குக் கம்பியை ஓடவிட்டு, மணலும் நீரும் ஊற்றிப் பளிங்கை அறுத்தார்கள். 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் செயற்கை வைரம் தயாரானது. வைரத் துகள் மலிந்த பின், 1970-களின் இறுதியில் மணலின் இடத்தை வைரம் பிடித்தது.

பாறையில் ஒன்றையொன்று சந்திக்கும்படி இரண்டு துளைகள் போடுவார்கள். வைரத் துகள் பதித்த மணிகள் கோத்த எஃகுக் கயிற்றை அவற்றின் வழியே நுழைத்து, முனைகளை இணைத்து வளையமாக்குவார்கள். மோட்டார் கயிற்றைச் சுழற்றியபடியே தண்டவாளத்தில் பின்னோக்கி நகரும். கயிறு இறுகிப் பாறையை அரைத்துக்கொண்டே வரும். வெடி வைத்தால் பாளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழும். கயிற்றில் அந்தச் சேதமும் இல்லை, கல்லும் அதிகம் வீணாவதில்லை.

கேள்வி: இவ்வளவு இயந்திரம் வந்த பிறகும் சிற்பிக்கு உளி எதற்கு?

பதில்: கல்லைத் தட்டிப் பார்த்து, நாதத்தை வைத்து ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கும் மரபு ஸ்தபதிகளிடம் இன்றும் இருக்கிறது. உள்ளே விரிசல் உள்ள கல் ஓசையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கல்லின் ஓட்டம் எந்தப் பக்கம், எங்கே தட்டினால் சில்லு தெறிக்கும் என்பதெல்லாம் உளி பிடித்த கைக்குத்தான் முதலில் தெரியும். இயந்திரத்தைச் சரியான இடத்தில் வைப்பதற்கும் அந்த அறிவு வேண்டும். இந்த ஞானம் கைமாறாமல் போனால் எந்த இயந்திரமும் அதை ஈடுகட்டாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உளி பெரும்பாலும் சில்லாகத் தெறிக்கும் கல்லை, கை கிரைண்டர் மாவாக்கிக் காற்றில் பரப்புகிறது. அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. சிலிக்கா மிகுந்த செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளை அறுத்த தொழிலாளர்கள் பலர் இந்நோய்க்கு ஆளானதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அவற்றைத் தடை செய்தது. நம் பட்டறைகளிலும் நீர் ஊற்றி அறுப்பதும், தூசி உறிஞ்சும் கருவியும், தரமான முகக்கவசமும் கட்டாயமாக வேண்டும். கோயிலுக்கோ வீட்டுக்கோ கல்வேலை கொடுப்பவர்கள் விலை பேசும்போதே இதையும் கேட்க வேண்டும். அதற்கான செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.