பழைய லினக்ஸ் கணினியில் இணையம் எடுப்பது எப்படி?

தானமாகக் கிடைத்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டிருக்கிறதா? பயப்பட வேண்டாம். பக்கத்தில் தொலைபேசி வயர் கொழுவும் ஓட்டை இருந்தால் அதை விடுங்கோ, அது டயல்-அப் காலத்துச் சாமான்.

உங்கட அன்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரால் கணினியோடு கொழுவுங்கோ. போனின் செட்டிங்ஸில் ஹொட்ஸ்பொட் பகுதிக்குப் போய் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஓன் பண்ணுங்கோ. வயர் இணைப்பு என்று லினக்ஸ் தானாகவே பிடிக்கும்.

டேட்டாதான் கவனம்! கணினி தன்பாட்டில் அப்டேட் இறக்கத் தொடங்கினால் டொப்-அப் காசு ஒரே இரவில் முடிந்துவிடும். உபுண்டு என்றால் நெட்வேர்க் செட்டிங்ஸில் அந்த இணைப்பை 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று குறியுங்கோ.

முதலில் உங்கள் வழக்கறிஞரின் மின்னஞ்சலைப் பாருங்கோ, வீடியோ பிறகு. பிரித்தானியாவில் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டால், இங்கிருந்து மேன்முறையீடு செய்யப் பொதுவாக 14 நாள்தான். டேட்டா தீர்ந்துவிட்டதென்று காத்திருக்காமல் பக்கத்து நூலகத்துக் கணினியில் போய்ப் பாருங்கோ.