எலுமிச்சம்பழமும் எக்ஸாஸ்ட் பிரேக்கும்

ஒவ்வொரு நடைக்கும் முன்னால் எங்கள் முதலாளி முன்சக்கரங்களுக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழம் வைப்பார். சூடம் காட்டிவிட்டுக் கிளீனர் பையனின் நெற்றியில் திருநீறு பூசுவார். என்னிடம் வரும்போது மட்டும் அவர் கை அந்தரத்தில் நின்றுவிடும். நான் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். சாயர்புரம் பக்கம், ஜி.யு. போப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர். படைத்ததைத் தொடாதே என்று பாட்டி சொல்லிச் சொல்லி வளர்ந்தவன். முதல் இரண்டு மூன்று நடைக்கு, சூடத்தட்டைக் கண்டதும் டீக்கடைப் பக்கம் நழுவிவிடுவேன்.

ஒருநாள் முதலாளியே கூப்பிட்டார். “ஓடி ஒளியாதலே தம்பி. நீ உன் சாமியக் கும்பிடு, நான் என் சாமியக் கும்பிடுதேன். வண்டி ஒழுங்கா வந்து சேரணும், அம்புட்டுதான்.” அன்றிலிருந்து அவர் சூடம் காட்டும்போது நான் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறேன். அப்புறம் கிளட்சை விடுவேன். பழம் நசுங்குகிற சத்தம் கேபினுக்குக் கேட்காது.

எனக்கு இருபத்தாறு வயது. பத்துச் சக்கர வண்டி. தூத்துக்குடி உப்பு, 50 கிலோ மூட்டை 360, ஆக 18 டன். மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தர்மபுரி, ஓசூர் தாண்டிப் பெங்களூரு. இந்தத் தொழிலுக்கு வரப்போகிற தம்பிகளுக்கு நான் முதலில் சொல்லுவது தொப்பூரைப் பற்றித்தான்.

பெங்களூரிலிருந்து திரும்பும்போது தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாய் இறக்கம். இரட்டைப் பாலம் என்றாலே இந்த ரூட்டில் ஓடுகிறவர்களுக்கு வயிறு ஒருதரம் கலங்கும். நான் கிளீனராக இருந்தபோது வண்டி ஓட்டிய அண்ணனும் வேதக்காரர்தான். கண்ணாடிக்கு மேலே சங்கீதம் 91 ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். ஜெபிக்காமல் சாவி போட மாட்டார். ஆனால் இறக்கம் கண்டால் நியூட்ரல் தட்டிவிடுவார். மிச்சமாகிற டீசல் காசு டிரைவருக்கு என்பது அந்த வண்டியில் பேச்சு.

ஒருநாள் பாதி இறக்கத்தில் ஏதோ கருகுகிற வாடை. கண்ணாடியில் பார்த்தால் பின்சக்கரத்தில் புகை. அண்ணன் மிதிக்கிறார், மிதிக்கிறார், வண்டி அடங்கவில்லை. முன்னால் ஒரு பஸ். பஸ்ஸின் பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு எங்களையே பார்த்த ஒரு சின்னப்பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அண்ணன் இடப்பக்கம் ஒடித்து, ஓரத்தில் குவிந்து கிடந்த மண்ணில் ஏற்றி நிறுத்தினார். இறங்கியதும் முழங்கால் போட்டு அழுதார். கர்த்தர் காப்பாற்றினார் என்றார். காப்பாற்றினார்தான். அடுத்த நடையில் அதே இடத்தில் திரும்பவும் நியூட்ரல் போட்டார். நான் வண்டி மாறிவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரிலேயே இறங்கு. கியரில் இருந்தால்தான் இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்கும், எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யும். நியூட்ரலில் மொத்த பாரமும் சக்கர பிரேக்கின் தலையில் விழும். டிரம் சூடேறினால் லைனிங் பிடிக்காது. விட்டு விட்டு மிதித்துக்கொண்டே வந்தால் டேங்கில் காற்றும் இறங்கிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், புது வண்டிகளில் கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜினுக்கு டீசலே போகாது. நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் குடிக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று உயிரையும் டீசலையும் சேர்த்துச் செலவழித்திருக்கிறோம்.

அந்த நாளுக்கப்புறம் என் ஜெபம் கொஞ்சம் மாறிப்போச்சு. சீட்டில் கண்ணை மூடுவதற்கு முன்னால், கையில் வீல் ஸ்பேனரோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவேன். பத்து டயரையும் தட்டுவேன். காற்று சரியாக இருந்தால் ‘ணங்’ என்று எம்பும்; குறைந்த டயர் ‘தொம்’ என்று அமுங்கிப் பேசும். ஜோடி டயர்களுக்கு நடுவில் கல் சிக்கியிருந்தால் நெம்பி எடுத்துவிட வேண்டும். வழியில் நிற்கிறபோதெல்லாம் ஹப்புக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். ஒன்று மட்டும் தனியாகச் சுடுகிறதென்றால் பேரிங்கோ பிரேக்கோ ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். டயருக்கு ஒரு பெயர் வைத்து ஜெபிக்கிறேன். முதல் டயருக்கு அப்பா, இரண்டாவதுக்கு அம்மா, அப்படியே கல்யாணமாகிப் போன அக்கா, முதலாளி, கிளீனர் பையன் வரைக்கும். பெயர் விட்டுப்போனால் டயர் விட்டுப்போனதாக அர்த்தம். எந்தப் போதகரும் சொல்லிக்கொடுத்த முறை இல்லை இது.

உப்பு லோடு ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அன்லோடு ஆனதும் பாடியையும் சேஸிஸையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். விட்டால் ஒயர் முனைகளில் பச்சை பூத்து, ராத்திரியில் பின்விளக்கு செத்துப்போகும். விளக்கில்லாத லாரி எவன் உயிரையாவது வாங்கும். கோயிலில் உப்பைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு ருசிதான் ஞாபகம் வரும். எனக்குத் துருதான்.

தூக்கத்தைப் பற்றி யாரும் உண்மை பேசுவதில்லை. சட்டப்படி நாளைக்கு எட்டு மணி நேர வேலை. ரோட்டில் அந்தச் சட்டத்தை நான் பார்த்ததில்லை. ராத்திரி இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான். டீ, முகம் கழுவுதல், ஜன்னல் காற்று, தொண்டை கிழியப் பாமாலை பாடுவது, எல்லாம் செய்து பார்த்தாயிற்று. பத்து நிமிஷம் தாங்கும். கடந்துபோன டோல்கேட் ஞாபகத்தில் இல்லையென்றால் வெளிச்சமுள்ள பங்க்கில் ஓரங்கட்டிப் படுத்துவிடுங்கள். ரோட்டோரம் மட்டும் வேண்டாம். புக்கிங் ஆபீசிலிருந்து திட்டுவார்கள். திட்டட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலம் பைபாஸில் அன்லோடுக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் மணிச்சத்தம் கேட்டு ஒரு சின்னக் கோயிலுக்குப் போனேன். டீசல் வாடையோடு உள்ளே போகக் கூச்சமாக இருந்ததால் கடைசி பெஞ்சு. பிரசங்கம் தொடங்கியது தெரியும். கண் விழித்தபோது ஆராதனை முடிந்து, ஒரு பாட்டி தரை கூட்டிக்கொண்டிருந்தார். என் தலைக்கு அடியில் யாரோ பாய் விரிப்பு ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். “ரெண்டு மணி நேரமா தூங்குற. எழுப்பாதீங்கன்னு ஐயர் சொல்லிட்டாரு” என்றார் பாட்டி. போதகரைத்தான் நாங்கள் ஐயர் என்போம். காணிக்கைப் பை என்னைத் தாண்டிப் போயிருந்தது. கையில் இருந்த இருபது ரூபாயைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

கூட நாற்பது மூட்டை ஏற்றச் சொல்லுவார்கள். பத்துச் சக்கரத்துக்கு மொத்த எடை 28.5 டன், தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000 வேறு. பிடிபடும்போது ஏற்றச் சொன்னவர் போனை எடுக்க மாட்டார். எடைச்சீட்டு கைக்கு வராமல் சாவியைத் தொடாதீர்கள்.

வழியில் கை நீட்டுகிறவர்களுக்கு ஐம்பது நூறு கொடுப்பது பாவமா என்று எங்கள் ஐயரிடம் கேட்டேன். “பேப்பர் எல்லாம் சரியா இருக்கா?” என்றார். இருக்கு என்றேன். “அப்போ அரைமணி நேரம் நின்னுதான் பாரேன்.” நின்று பார்த்தேன். பாதி நாள் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். மீதி நாளைப் பற்றி ஐயரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டுவது நான்தான். முதலாளி பொரிகடலைப் பொட்டலம் கொடுத்தனுப்புவார். முதல் வருஷம் அம்மா அதை அப்படியே கோழிகளுக்கு இறைத்துவிட்டாள். அடுத்த வருஷம் அலமாரியில் வைத்து நமத்துப் போகவிட்டாள். போன வருஷம் நான் குளித்துவிட்டு வந்தபோது அடுக்களையிலிருந்து பூண்டு தட்டித் தாளிக்கிற வாசம். அப்பாவுக்கு முன்னால் ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு.

“படைச்சதாச்சேம்மா?”

“ஜெபம் பண்ணிட்டுத்தான் தாளிச்சேன். தின்னுலே.”