ஏழு நாளில் வெளுக்கும் முகம்

சாலாக் செலாத்தானுக்கோ கிள்ளானுக்கோ கல்யாணம் காட்சிக்குப் போனால், திரும்பும்போது பசார் மாலாமில் ஒரு சின்ன டப்பா வாங்கி வருகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கைப்பேசியிலும் அதே விளம்பரம்தான்: ஏழே நாளில் சிவப்பழகு! இதில் உண்மை ஏதும் இருக்கிறதா என்று கேட்பீர்கள். சில டப்பாக்களில் இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான்.

நம் தோலுக்குக் கறுப்பு நிறம் தருவது மெலனின். செம்பனைக் காட்டு வெயிலில் நாள் முழுக்க நின்றாலும் தோல் சீக்கிரம் வெந்து போகாமல் காப்பது அதுதான். (அதைப் போய்க் குறை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரோ!) பாதரச உப்பு அந்த மெலனின் உண்டாவதைத் தடுக்கும். ஆகவே பாதரசம் கலந்த கிரீமைப் பூசினால் முகம் வெளுப்பது நிஜம். ஆனால் பாதரசம் முகத்தோடு நிற்காது. தோல் வழியே இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் போய்த் தங்கும்.

கேரளத்தில் கோட்டக்கல் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில், 2021 முதல் 2023 வரை, சிறுநீரக வடிகட்டி கெட்டு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 13 பேர் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள்! பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது.

பூசுகிறவரோடு போகிற விஷயமும் இல்லை இது. பாதரசம் ஆவியாகும், தலையணை, துண்டு வழியாகப் பக்கத்தில் படுத்த பிள்ளைக்கும் சேரும். கர்ப்பிணிகள் இந்தப் பக்கமே போகக்கூடாது.

வீட்டில் டப்பா இருந்தால் எடுத்துப் பாருங்கள். மெர்க்குரி, கேலோமல் என்று போட்டிருக்கிறதா? தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது என்றிருக்கிறதா? பாதரசம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அந்த எச்சரிக்கை. சங்கிலிக்கு ஆகாததைக் கழுத்தில் பூசலாமா? பல டப்பாக்களில் எதுவுமே எழுதியிருக்காது. அதனால் என்.ஓ.டி. என்று தொடங்கி கே என்று முடியும் எண்ணைத் தேடுங்கள். எண் இல்லாததை வாங்காதீர்கள். எண் இருந்தாலும், படித்த பிள்ளையை விட்டு என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தேடச் சொல்லுங்கள். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் கண்டுபிடிக்கப்பட்டால் சுகாதார அமைச்சு அந்த எண்ணை ரத்து செய்துவிடும். பின்னிரண்டும் டாக்டர் பார்த்துத் தரவேண்டிய மருந்துகள்.

ஏற்கனவே பூசி வந்தீர்களா? இன்றோடு நிறுத்துங்கள். கால் வீங்கினால், சிறுநீர் நுரை நுரையாகப் போனால், கை நடுங்கினால் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். வெட்கப்படாமல் அந்த டப்பாவையும் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டருக்கு அதைக் காட்ட வேண்டும்.