பங்குனி, சித்திரைக்கு வீட்டில் என்ன இருக்க வேண்டும்?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பங்குனி ஏமாற்றுகிற மாதம். விடியற்காலையில் போர்வை தேடும் உடம்பு, பதினொரு மணிக்கெல்லாம் நிழல் தேடும். வெயில் நாற்பது டிகிரியைத் தொட்ட பிறகு பானை வாங்கப் போகிறவர்களே நம்மில் அதிகம். அதுவரை காத்திருக்காதீர்கள். வெயிலுக்கு உடம்பு பழகவே ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். செங்கல் சூளை, மாந்தோப்பு, கட்டட வேலை என்று வெளியே நிற்கிறவர்கள் முதல் வாரத்தில் முழுநேர வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். அடுப்படியையும் இந்த வாரமே மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை வேப்பம்பூ. மரம் இப்போது பூத்திருக்கிறது. சித்திரை பாதியில் போய்த் தேடினால் பிஞ்சுதான் கிடைக்கும். லாரி ஓடுகிற சாலையோர மரம் வேண்டாம், புழுதியும் புகையும் பூவிலேயே இருக்கும். தோட்டத்திலோ கொல்லையிலோ நிற்கும் மரத்தடியில் சாயங்காலமே பழைய வேட்டியை விரித்து வைத்தால், காலையில் பூவை அள்ளிவிடலாம். சலித்து, நிழலில் காயவைத்து, ஈரமில்லாத டப்பாவில் போட்டு வையுங்கள். ஒரு வருஷத்துக்கு ரசத்துக்கு ஆகும்.

இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பச்சடி இரண்டு தரம் வரும். யுகாதிக்கு அக்கம்பக்கத்துத் தெலுங்கு வீட்டிலிருந்து கிண்ணத்தில் வருவது ஒன்று; சித்திரை ஒன்றாம் தேதி நாமே செய்வது இன்னொன்று. புதுப்புளி, மாங்காய், வெல்லம், வேப்பம்பூ, உப்பு, காரத்துக்கு மிளகாயோ மிளகோ. வாழ்க்கை என்றால் கசப்பும் இனிப்பும் கலந்ததுதான் என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு அது இந்த மாதத்துச் சந்தைப் பட்டியலாகவே தெரிகிறது: புளி உலுக்கி முடிந்திருக்கிறது, மாங்காய் வந்திருக்கிறது, வேம்பு பூத்திருக்கிறது. வெல்லத்துக்குச் சித்தூரே பேர்போன ஊர். வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சள் உருண்டையைக் கேட்காதீர்கள். பெரும்பாலும் வெளுப்பதற்கு ரசாயனம் சேர்த்துத்தான் அந்த நிறம் வருகிறது. கறுத்த வெல்லமே நல்லது. சர்க்கரை நோயாளிக்கு மட்டும் கறுப்பானாலும் வெளுப்பானாலும் வெல்லமும் சர்க்கரைதான். பச்சடியில் ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேம்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டைத் தேடி எங்கெங்கிருந்தோ ஆள் வருகிற பகுதி இது. நாட்டு வைத்தியத்தில் நமக்குள்ள நம்பிக்கைக்குக் குறைவில்லை. அந்த நம்பிக்கையில்தான் பூவோடு நிற்காமல் இலையை அரைத்து டம்ளர் டம்ளராகக் குடிக்கிறவர்களும், குழந்தைக்கு வயிறு சுத்தமாகட்டும் என்று வேப்பெண்ணெய் புகட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பூ சமையல். எண்ணெய் சமையல் அல்ல. 1980-களின் தொடக்கத்தில் மலேசியாவில், வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று ஆஸ்பத்திரிக்கு வந்ததும், கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கைக்குழந்தைக்கு ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு வேப்பிலைச் சாறும் வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேன் தடவும் வழக்கத்தையும் இதோடு விட்டுவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதைகளை அந்தக் குடலால் சமாளிக்க முடியாது.

அடுத்தது கூழ். ராயலசீமையில் ராகி சங்கட்டி வருஷம் முழுக்க உண்டு. கோழிக் குழம்போடு மத்தியானம் ஒரு உருண்டை தின்றுவிட்டு வெயிலில் போனால் என்ன ஆகும் என்று தின்றவர்களுக்குத் தெரியும். இந்த இரண்டு மாதத்துக்கு அதே ராகியைக் கூழாக மாற்றிக்கொள்ளுங்கள். அம்பலி என்று கேட்டாலும் அதுவே வரும். ராத்திரி ராகி மாவைக் கரைத்து மண்சட்டியில் மூடி வையுங்கள். மறுநாள் புளித்து லேசாக நுரைத்திருக்கும். அரிசி நொய்யை வேகவைத்து, அதில் இந்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டி, ஆறவிட்டு அப்படியே ஒரு இரவு வையுங்கள். காலையில் வேண்டிய அளவு எடுத்து, உப்பும் மோரும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே சொம்பில் உள்ளே போகின்றன. போதாததற்கு 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராமை ஒட்டி சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நாம் சாப்பிடும் தானியங்களில் வேறெதுவும் அதன் பக்கத்தில்கூட வராது. வண்டிக் கடையில் குடிப்பதாக இருந்தால் கூழைப் பார்ப்பதற்கு முன் தண்ணீர்க் குடத்தையும் சொம்பு கழுவுகிற பக்கெட்டையும் பாருங்கள். சர்க்கரை இருப்பவர்கள் நீர்க்கக் கரைத்துப் பெரிய சொம்பில் குடித்தால் சர்க்கரை அளவு சட்டென்று ஏறும். அவர்களுக்குச் சின்ன உருண்டைச் சங்கட்டியும் நிறையக் கீரையுமே பொருத்தம்.

காய்கறியில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. முருங்கை காய்த்துத் தொங்குகிறது, வெள்ளரியும் பீர்க்கும் புடலையும் மலிவு. மாங்காய்ப் பருப்பு வாரத்தில் இரண்டு நாள், மோர்க்குழம்பு இரண்டு நாள், மற்ற நாள் பச்சி புலுசு. அடுப்பில் ஏற்றாமல் புளியைக் கரைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் நசுக்கிப் போட்ட அந்த ரசத்துக்கு நிகராக வெயில் காலத்தில் நான் எதையும் சொல்ல மாட்டேன். அடுப்படியில் நிற்பவருக்கும் அரைமணி நேரச் சூடு மிச்சம். நுங்கு சித்திரையில் வரும். வந்தால் தோலோடு தின்னுங்கள்; உள்ளிருக்கும் நீரை வேர்க்குருவில் தடவினால் அரிப்பு அடங்கும். தர்பூசணியை முழுசாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள். வெட்டி, ஐஸ் மேல் வைத்து, ஈ மொய்க்கிற துண்டை வாங்கினால் தாகம் தணியலாம், ராத்திரி வயிறு கலங்கும்.

குடிப்பதற்கு மோர்தான் முதல். நன்றாக நீர்த்து, உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்ட மோர். ஸ்ரீராமநவமிப் பானகத்தை அந்த ஒரு நாளோடு முடித்துவிடாதீர்கள். வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. தெலுங்குச் சைத்ர மாதப் பௌர்ணமியில் முடியும்படி மூன்று நாள் திருமலையில் வசந்தோற்சவம் நடக்கிறது; பால், தயிர், தேன், இளநீர், சந்தனம் என்று உற்சவ மூர்த்திகளுக்கே குளிரக் குளிரத் திருமஞ்சனம். சுவாமிக்கே வேண்டியிருக்கும்போது நாம் வெறும் வயிற்றில் காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறுவது எந்த நியாயம்?

நன்னாரிக்கு இது சீசன். தெருமுனைக் கடைகளில் விற்கும் சிவப்பு சர்பத்தில் வேரின் வாசனையைவிட சர்க்கரையும் சாயமும் கூடுதல். நாட்டு மருந்துக் கடையில் வேராக வாங்குங்கள். ஒடித்தால் வாசனை தூக்க வேண்டும். கழுவித் தட்டி, நடுவில் உள்ள கட்டை நரம்பை எடுத்துவிட்டு, ஒரு கைப்பிடித் தோலைக் கொதித்த நீரில் இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டி, வெல்லப்பாகு கூட்டினால் போதும். சேஷாசலம் 2010-லேயே உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. அங்கே ஏறிக் கண்டபடி வேர் பிடுங்கப் போக வேண்டாம்.

இளநீர் எல்லோருக்கும் ஆகும் என்று நினைக்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்து. இதயத்துக்கோ ரத்தக் கொதிப்புக்கோ நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வெயில் ஏறுவதற்குள் ஒருமுறை டாக்டரைப் பார்த்து, மாத்திரை அளவையும் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேதி கண்டால் மோரும் கஞ்சியும் நல்லதே, ஆனால் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுசாகக் கரைக்க வேண்டும், பாதியைப் பாதி நீரில் அல்ல. பொட்டலம் இல்லாத இரவில் ஒரு லிட்டர் நீருக்கு, தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள், கூடினால் குழந்தைக்குக் கெடுதல். கடைகளில் அதே பேரை ஒட்டிக்கொண்டு அட்டை டப்பாக்களில் இனிப்பு பானங்கள் விற்றார்கள். ஐதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடிய பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்குப் பொருந்தாத பானங்கள் அந்தப் பேரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. வாங்கும்போது உறையைப் படியுங்கள். குழந்தைக்குப் பேதி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜிங்க் மாத்திரையும் கேட்டு வாங்கி, பேதி நின்றாலும் 14 நாள் கொடுத்து முடியுங்கள்.

திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்களுக்கு: அலிபிரி வழியில் 3,550 படி. பொழுது புலரும்போதே ஏறத் தொடங்குங்கள். வெறும் வயிற்றில் ஏறுவதாக வேண்டிக்கொண்டிருந்தாலும், சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் அந்த வேண்டுதலைப் பெருமாளிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். நெஞ்சில் பாரம், தாடையிலோ இடக்கையிலோ வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் அதை வாயு என்று சொல்லிச் சோடா குடிக்காதீர்கள். அந்தப் படியிலேயே உட்கார்ந்து உதவிக்குக் கூப்பிடுங்கள். மேலே தேவஸ்தானத்தின் அஸ்வினி ஆஸ்பத்திரி இருக்கிறது. கீழே ரூயா, ஸ்விம்ஸ்.

இந்தப் பருவத்தின் பெரிய விஷயம் அம்மை. மே மாதத்தில் திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை வரும். வேஷம் கட்டி, வேப்பிலை ஏந்தி, அம்பலி வார்த்து ஊரே அம்மனைக் குளிர்விக்கும். பெரியம்மை 1980-ல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இப்போது வருவது சின்னம்மை, அதற்குக் காரணம் வேறொரு வைரஸ். வாசலில் வேப்பிலை செருகுவதும், யாரையும் உள்ளே விடாததும், நோயாளி வெளியே போகாததும் நல்ல வழக்கம். கொப்புளம் தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை நோய் தொற்றும். வேப்பிலை போட்ட வெதுவெதுப்பான நீரில் உடம்பைத் துடைக்கலாம், அரிப்பு குறையும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இளநீர், கூழ், மோர் எல்லாம் கொடுக்கலாம்.

டாக்டரிடம் போனால் அம்மனுக்கு ஆகாது என்கிற பேச்சைத்தான் விட வேண்டும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் தரலாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. அது குழந்தையின் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அபாயம் உண்டு. புரூஃபென் வகை மாத்திரையும் வேண்டாம். பெரியவர்களுக்கு அம்மை கண்டால் கடுமையாக இருக்கும். கொப்புளம் தெரிந்த முதல் நாளே போனால் வைரஸுக்கான மருந்து பலன் தரும், நாலாம் நாள் போனால் அவ்வளவாகத் தராது. கர்ப்பிணிக்கு வந்தாலோ, மூச்சுத் திணறல், விடாத வாந்தி, தூக்கக் கலக்கம் இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. கொப்புளத்தோடு இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜாத்திரைக் கூட்டத்துக்குள் போக வேண்டாம். நேர்த்திக்கடனை அடுத்த வருஷம் செலுத்தலாம்.

வெயிலில் விழுந்தவருக்கு வெங்காயச் சாறு தேய்ப்பதில் நேரத்தைக் கழிக்காதீர்கள். உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சுக் குழறினால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் ஒரு மடக்குத் தண்ணீரும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

கடைசியாக மாம்பழம். மாங்காய்க்கே பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு பங்குனியில் பழம் வாங்க அவசரப்பட வேண்டாம். பங்கனப்பள்ளி சித்திரையில்தான் ஒழுங்காக வரும். கிளிமூக்கு ஆனியில், அதிலும் பெரும்பங்கு கூழ் ஆலைகளுக்குப் போய்விடும். நீலம் எல்லாவற்றுக்கும் பின்னால். இப்போதே தள்ளுவண்டியில் ஒரே சீராக மஞ்சளாக மின்னுகிற பழம் பெரும்பாலும் கார்பைடு கல் வைத்ததுதான். அந்த முறை இந்தியா முழுக்கத் தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயு மட்டுமே குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதி. கார்பைடில் ஆர்சனிக் கலந்திருக்கக்கூடும். தோலில் வாசனை இல்லை, கொட்டைப் பக்கம் புளிக்கிறது என்றால் திருப்பிக் கொடுங்கள். முற்றிய காயாக வாங்கி, வைக்கோல் பரப்பிய கூடையிலோ அரிசிப் பானையிலோ போட்டு வைத்தால் நான்கைந்து நாளில் காம்புப் பக்கம் மணக்கத் தொடங்கும். நன்றாகக் கழுவி, சற்று நேரம் நீரில் போட்டு வைத்துவிட்டு வெட்டுங்கள்.