பாறை வெடிப்பில் ஏறுதல்: வன்னி இளையோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னி என்றதும் குளமும் வயலும் காடும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இலங்கையின் அடித்தளப் பாறைகளை வகைப்படுத்திய புவியியலாளர் அதில் ஒரு பெரும் பிரிவுக்கு ‘வன்னித் தொகுதி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டு பழைமையான நைஸ் பாறை அது. வவுனியாப் பக்கம் காட்டுக்குள் குன்றாகத் தலைகாட்டும். வடக்கே போகப் போக மணலும் சுண்ணக்கல்லும் அதை மூடிவிடும்.

இங்கே சொல்லப்போவது நடுத்தரக் கடினமான பாறை வெடிப்பு வழியில் ஏறும் முறை. பாறையில் ஆணி எதுவும் அறைந்திருக்காது. முன்னே ஏறுபவர் வெடிப்பில் கருவிகளைச் செருகி, அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். பின்னே வருபவர் எல்லாவற்றையும் கழற்றி எடுத்து வருவார்.

முதல் படி: எங்கே ஏறுவது

எங்கே ஏறக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெடுக்குநாறி மலையும் குருந்தூர் மலையும் வழிபாட்டுத் தலங்கள், தொல்லியல் இடங்கள், வழக்குக்குப் போன இடங்கள். அங்கே கயிறும் சுண்ணத்தூளுமாகப் போய் நிற்பது சட்டப்படியும் சரியல்ல, ஊர் மனசுக்கும் சரியல்ல. காட்டுக்குள் வேறு குன்று தேடிப் போவதென்றால், கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று அறிவிக்கப்படாத காணியில் கால் வைக்க வேண்டாம். குளவிக்கூடும் மலைத்தேன் வதையும் இருக்கும் பாறையை விட்டு விலகுங்கள். சீகிரியாவில் குளவி கலைந்து எத்தனையோ பேர் கொட்டு வாங்கியிருக்கிறார்கள்.

முறையாகப் பழக நமக்குக் கிட்டிய நல்ல இடம் கர்நாடகம். பெங்களூரிலிருந்து சுமார் 50 கிலோமீற்றரில் உள்ள ராமநகரக் கருங்கல் குன்றுகளில் வெடிப்பு வழிகள் உண்டு. ஜெனரல் திம்மையா சாகசப் பயிலகம் அந்த மாநிலத்தில் பாறையேற்றம் கற்பிக்கிறது. ராமதேவர பெட்டா கழுகுச் சரணாலயம், அந்தப் பக்கம் போகுமுன் வனத்துறையைக் கேளுங்கள். மணற்கல்லான பாதாமியில் மழை விட்டதும் ஏறக்கூடாது. நனைந்த மணற்கல் வலுவிழந்து உடையும்.

இரண்டாம் படி: வளவுக்குள் ஒரு வெடிப்பு

கிளிநொச்சியில் பாறை இல்லையே என்று சலிக்க வேண்டாம். டொம் ரண்டல், பீற் விற்றேக்கர் என்ற இரு ஆங்கிலேயர் செஃபீல்ட் நகரில் வீட்டு நிலவறையில் மரத்தால் வெடிப்பு செய்து பழகினார்கள். 2011இல் அமெரிக்காவின் யூற்றாவுக்குப் போய், உலகின் மிகக் கடினமான அகல வெடிப்புகளில் ஒன்றான ‘செஞ்சுரி கிறாக்’கை ஏறி முடித்தார்கள்.

உங்களுக்குத் தேவை எட்டடி நீளமான இரண்டு தடித்த பலகைகள். முதிரை நல்லது. பனை வேண்டாம், சிராம்பு ஏறும். இரண்டுக்கும் நடுவே கட்டைகள் வைத்து போல்ற் போட்டு இறுக்குங்கள். இடைவெளி இரண்டு அங்குலம் அளவில் இருக்கட்டும், சிறிய கைகளுக்கு இன்னும் சற்றுக் குறையலாம். மரத்திலோ சுவரிலோ சரித்துக் கட்டி, நிலத்தை விட்டு அதிகம் உயராமல் பழகுங்கள்.

மூன்றாம் படி: கையும் காலும்

கட்டைவிரல் மேலே இருக்க, மற்ற விரல்களைச் சேர்த்துக் கையை உள்ளே விடுங்கள். இனிக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்குங்கள். விரல் நுனிகளும் கட்டைவிரலடித் தசையும் ஒரு சுவரையும், புறங்கை மறு சுவரையும் அழுத்தும். கை பூட்டிக்கொள்ளும். சரியாகப் பூட்டினால் விரலால் எதையும் பற்ற வேண்டியதில்லை. முதல் நாளில் புறங்கைத் தோல் உரியும், விளையாட்டு வீரர் ஒட்டும் துணி ரேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்குபவர் கையை நம்பித்தான் களைத்துப் போகிறார். பனையேறும் தொழிலாளியைப் பாருங்கள். தளைநாரோடு காலை ஊன்றி உடலை நிமிர்த்துவார், கை மரத்தை அணைத்திருக்கும், அவ்வளவே. இங்கும் அதுதான். முழங்காலை வெளிப்பக்கம் சாய்த்து, பாதத்தைப் பக்கவாட்டில் வெடிப்புக்குள் விடுங்கள். பிறகு முழங்காலை வெடிப்புக்கு நேரே நிமிர்த்துங்கள். சப்பாத்து முறுகி இறுகும். அதன் மேல் எழுந்து நில்லுங்கள், கைகளை மடக்காமல் நீட்டியே வையுங்கள்.

பாறையில் கையை விடுமுன் உள்ளே பாருங்கள். வௌவாலும் பாம்பும் நமக்கு முந்திய குடிகள்.

நான்காம் படி: கருவிகள்

ஒரு காலத்தில் இரும்பு ஆப்புகளை அறைந்து ஏறினார்கள், பாறை சிதைந்தது. 1972இல் இவோன் ஷுயினார் தன் ஏற்றக் கருவி நிறுவனத்தின் விலைப்பட்டியலிலேயே ஆப்பை விட்டு நட்டுக்கு மாறும்படி எழுதினார். நட் என்பது கம்பியில் கோத்த உலோகக் கட்டை. பிரித்தானியாவில் ரயில் பாதையோரம் பொறுக்கிய உண்மையான நட்டுகளில் தொடங்கிய வழக்கம் அது. வெடிப்பு கீழே ஒடுங்கும் இடத்தில் மேலிருந்து இறக்கி, கீழ்நோக்கி இழுத்து இறுக்க வேண்டும்.

சுவர்கள் ஒடுங்காமல் சமமாக ஓடினால் நட் நிற்காது. அங்கே கேம் வேண்டும். றே ஜார்டின் உருவாக்கி, 1978இல் ‘ஃபிரெண்ட்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த வில்விசைக் கருவி இது. விசையை இழுத்தால் பற்கள் சுருங்கும், விட்டால் விரிந்து சுவரைக் கவ்வும். பாதிக்கு மேல் சுருங்கிய நிலையில் வையுங்கள். முழுதும் சுருக்கித் திணித்தால் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம், அதிகம் விரிந்திருந்தால் பிடுங்கிக்கொள்ளும். தண்டு நீங்கள் விழக்கூடிய திசையைப் பார்த்திருக்க வேண்டும். ஈரப் பாறையில் இதை நம்ப வேண்டாம்.

நிலத்தில் நின்றபடியே நட்டும் கேமும் வைத்துப் பாருங்கள், தெரிந்தவரிடம் காட்டித் திருத்துங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவருக்கு நான் கயிறு பிடிக்க மாட்டேன்.

ஐந்தாம் படி: முதலில் பின்னால் ஏறுங்கள்

ஹெல்மற், ஹார்னஸ், இழுபடும் தன்மையுள்ள ஏற்றக் கயிறு மூன்றும் வேண்டும். கிணற்றுக் கயிறும் லொறிக் கயிறும் விழுபவரைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. அனுபவசாலி முன்னே ஏறட்டும், நீங்கள் கருவிகளைக் கழற்றியபடி போங்கள். அவர் எதை எங்கே வைத்தார் என்பதே பாடம். அமெரிக்கத் தர அளவில் 5.6, 5.7 வழிகளில் தொடங்கலாம்.

கயிறு பிடிப்பவரின் தடுக்கும் கை ஒரு கணமும் கயிற்றை விடக்கூடாது. “ஏறட்டோ?” என்றால் “ஏறு” என்று பதில் கேட்ட பிறகே கால் எடுக்க வேண்டும்.

முன்னே ஏறும் நாள் வரும்போது முதல் கருவியைத் தாழ்வாகவும், இரண்டாவதை விரைவிலும் வையுங்கள். வசதியாக நிற்கும் இடத்தில் வையுங்கள், கடினமான இடத்துக்கு முன்பே வையுங்கள். வழி வளைந்தால் நீண்ட பட்டியால் இணையுங்கள். இல்லாவிட்டால் கயிறு உரசி இழுக்கும், கேம் நகரும். உச்சியில் குறைந்தது மூன்று உறுதியான பிடிகளைச் சுமை பகிரும்படி கட்டி, பிறகே கூட்டாளியை ஏறச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: இறங்குதல்

நடந்து இறங்க வழி இருந்தால் நடந்தே இறங்குங்கள். கயிற்றில்தான் இறங்க வேண்டுமென்றால் துணைக் கயிற்றால் ஒரு தடுப்பு முடிச்சைச் சேருங்கள். கயிற்றின் இரு நுனிகளிலும் முடிச்சுப் போடுங்கள். நுனி தீர்ந்தது தெரியாமல் கயிற்றை விட்டு வழுக்கி விழுந்து இறந்தவர்களில் கைதேர்ந்த ஏறுநர்களும் உண்டு.