உலைக்குள் மாதிரியை நொடிகளில் அனுப்பி மீட்பது எப்படி?

கல்பாக்கத்தில் 1996 முதல் இயங்கும் காமினி ஆய்வு உலையின் திறன் வெறும் 30 கிலோவாட். மும்பை டிராம்பேயிலுள்ள துருவா உலைக்கோ 100 மெகாவாட். மாதிரியைக் காற்றழுத்தக் குழாய் வழியே உலைக்குள் அனுப்பி, உடனே மீட்டு, காமா கதிர்களை அளக்கும் ஏற்பாடு இரண்டுக்கும் உண்டு. பெரிய உலை கிடைத்தால்தான் அளவீடு துல்லியமாக அமையும் என்று நினைப்பது இயல்பு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. உலைக்குள் செலினியத்திலிருந்து உருவாகும் செலினியம்-77எம் ஐசோடோப்பின் அரை ஆயுள் 17.4 நொடி, மாதிரியை மீட்டபின் அளக்கும்வரை காத்திருந்த நேரத்தை ஒரு நொடி தவறாகக் குறித்தாலே முடிவு 4 விழுக்காடு பிசகிவிடும். ஆகவே இந்தச் சோதனையில் உலையின் திறனுக்கு முன்பே கவனிக்க வேண்டியது கடிகாரத்தை.

செலினியத்தையே அளப்பதாக வைத்துக்கொள்வோம். மாதிரியை உலர்த்தி, எடை பார்த்து, சிறிய பாலித்தீன் குப்பியில் அடைத்து மூடுங்கள். பாலித்தீனிலுள்ள கார்பனும் ஹைட்ரஜனும் அளவீட்டைக் குழப்பும் காமா கதிர்களைத் தருவதில்லை. அலுமினியத் தாள் கூடவே கூடாது, 2.24 நிமிட அரை ஆயுளுள்ள அலுமினியம்-28 உங்கள் நிறமாலையை மூழ்கடித்துவிடும். கையுறை இல்லாமல் தொட்டால் வியர்வை உப்பின் சோடியமும் குளோரினும் ஒட்டிக்கொள்ளும். செலினிய அளவு தெரிந்த ஒரு தர மாதிரியையும் ஒரு வெற்றுக் குப்பியையும் அதே வடிவில் தயார் செய்யுங்கள். உலை இயக்குநரின் அனுமதியும் கதிரியக்கப் பாதுகாப்புப் பிரிவின் ஒப்புதலும் கிடைத்த பின், வெற்றுக் குப்பியை முதலில் அனுப்பிக் குழாயின் போக்கைச் சோதியுங்கள். குழாயில் ஓடுவது காற்றானால் அதிலுள்ள ஆர்கான் கதிரியக்க ஆர்கான்-41 ஆக மாறும். வெளியேறும் காற்று வடிகட்டியும் புகைபோக்கியும் உள்ள பாதையில்தான் போக வேண்டும். அடுத்து மாதிரியை 20 நொடி கதிர்வீச்சில் வைத்து மீட்டு, கதிர்வீச்சு அளவைப் பார்த்துவிட்டு, ஜெர்மானியம் டிடெக்டரில் 162 கிலோ எலக்ட்ரான்வோல்ட் முகட்டை எண்ணுங்கள். உலை முனையிலும் டிடெக்டர் முனையிலும் உள்ள உணரிகளே நேரத்தைக் குறிக்கட்டும். கையில் பிடித்த ஸ்டாப்வாட்சை நம்ப வேண்டாம். தர மாதிரிக்கும் இதே நேரங்கள்தாம்.

கூடுதல் நேரம் உள்ளே வைத்தால் சமிக்ஞை பெருகாதா என்று கேட்கலாம். 20 நொடியிலேயே செலினியம்-77எம் அதன் உச்சத்தில் 55 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. 70 நொடியில் 94. அதற்குப் பிறகு ஏறுவதெல்லாம் அலுமினியம், சோடியம் போன்றவற்றின் இரைச்சல்தான். திறன் மிக்க உலையும் இரைச்சலைச் சேர்த்தே பெருக்கும். டிடெக்டர் திணறி எண்ணிக்கையைத் தவறவிடும். நொடிக்கணக்கு பார்க்கத் தேவையில்லாத, 120 நாள் அரை ஆயுளுள்ள செலினியம்-75 இருக்கிறதே என்பது வலுவான மறுப்பு. ஆனால் அதற்கு நீண்ட கதிர்வீச்சும், மற்றவை அடங்க வாரக்கணக்கில் காத்திருப்பும் வேண்டும். செலினியம் மிகக் குறைவாக இருந்து ஒரே சுற்றில் முகடு தெளியாவிட்டால், அதே மாதிரியைப் பலமுறை அனுப்பி நிறமாலைகளைக் கூட்டுங்கள்; சுற்றுக்குச் சுற்று நேரம் மாறக்கூடாது.

முடிவை வெளியிடும்போது செலினிய அளவோடு கதிர்வீச்சு, காத்திருப்பு, எண்ணல் ஆகிய மூன்று நேரங்களையும் சேர்த்துத் தாருங்கள். வேறொரு உலையில் இருப்பவர் உங்கள் சோதனையை மறுபடி செய்து பார்க்க அவை வேண்டும்.